பட்ட கையிலே படுவது ஏன்?

“பட்ட காலிலே படும்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்னமே காயம்பட்ட விரல் மறுபடியும் வாசற்படியில் இடித்துக்கொள்ளும். உடனே இப்பழமொழியைச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஏன் அங்ஙனம் படுகிறது என்று நின்று ஆராய்வார் இல்லை. ஆனால் அமெரிக்க நாட்டில் ஒரு மனிதரின் வலது முழங்கையைக் குறித்து ஆயிரக்கணக்கான ஆட்ட ரசிகர்கள் பல ஆண்டுகளாக இதே கேள்வியைக் கேட்டு வாதாடி வருகிறார்கள். அம்மனிதரின் பெயர் ஜேக்கப் டிகிராம். அவர் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர்.

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம். ஆயினும் கிரிக்கெட் அறிந்தவர்க்கு அதன் சாரம் எளிதில் விளங்கும். அங்கும் ஒருவர் பந்தை எறிகிறார், ஒருவர் அடிக்கிறார். எறிபவரை அவர்கள் ‘பிட்சர்’ என்பர். நாம் எறிவாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓடி வருவதில்லை. சிறு மேட்டின்மீது நின்ற இடத்திலிருந்தே, சுமார் 145 கிராம் எடையுள்ள பந்தை, 18.44 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எறிகிறார். பந்து தரையில் பட்டு எழும்புவதும் இல்லை. ஆகவே மட்டைக்காரரை ஏமாற்ற அவருக்குள்ள வழிகள் இரண்டே: ஒன்று வேகம், மற்றொன்று காற்றிலே பந்தை வளைத்தல். இரண்டுக்கும் கையே மூலதனம்.

டிகிராம் 1988 ஜூனில் புளோரிடா மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரியில் அவர் பெரும்பாலும் களத்தில் பந்து தடுப்பவராகவே ஆடினார். எறிவாளராக மாறியது படிப்பின் பிற்பகுதியில்தான். 2010-இல் நியூயார்க் மெட்ஸ் கழகம் அவரை ஒன்பதாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே முழங்கையில் அறுவை நடந்தது. 2014-இல் பெரிய ஆட்டத்துக்கு வந்தவர், அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் தேசியக் கூட்டணியின் சிறந்த எறிவாளருக்குரிய சை யங் விருது அவருக்கே கிடைத்தது. பிறகு தொடங்கியது சோதனைக் காலம். 2021-இல் விலா, தோள், முன்கை என்று ஒன்று மாற்றி ஒன்று வலித்தது. ஜூலை 7-க்குப் பிறகு அவ்வாண்டு அவர் எறியவே இல்லை. 2022-இல் தோள்பட்டை எலும்பில் ஊறு ஏற்பட்டு ஆகஸ்டு வரை வெளியே இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு 18 கோடியே 50 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. 2023-இல் ஆறே ஆட்டங்கள். ஜூனில் முழங்கையில் மறுபடியும் அறுவை!

ரசிகர்களின் வாதத்தை இனிக் கேட்போம். அவர்களை ஒரே கட்சி என்று எண்ணிவிடலாகாது.

“அவர் உடம்பு கண்ணாடி உடம்பு, தொட்டால் உடையும்” என்பார் ஒரு சாரார். “ஆறு ஆட்டத்துக்கு இத்தனை பணமா?” என்று கணக்குப் புத்தகத்தைப் பிரிப்பார் இன்னொரு சாரார். பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகை உறுதியானது. காயம்பட்டுப் படுத்திருந்தாலும் கொடுத்தே தீரவேண்டும். அவர் இல்லாமலே 2023-இல் ரேஞ்சர்ஸ் கழகம் தன் முதல் உலகத் தொடரை வென்றது இவர்களுக்கு நல்ல ஆயுதமாயிற்று. “வேகத்தைக் குறைத்துக்கொண்டு நீண்ட நாள் ஆடக்கூடாதா?” என்று பரிவோடு கேட்பவரும் உண்டு. “அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 300 இன்னிங்ஸ் எறிந்தார்கள், யாருக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கும் முதியவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பதுபோல அங்கும் இருக்கிறார்கள்.

நம் விடுதிகளில் ஜஸ்பிரீத் பும்ராவின் முதுகைப்பற்றி நடக்கும் வாதமும் ஏறக்குறைய இதே போக்கில்தான் செல்கிறது. பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். விஞ்ஞான மாணவர்கள் இருக்கும் மேசையிலும் அப்படியே! உடற்கூறு என்ன சொல்கிறது என்று எவரும் தொடங்குவதில்லை. ஆதலால் அங்கிருந்து தொடங்குவோம்.

முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் இணைப்பு நார் ஒன்று உண்டு. அது சுண்டுவிரலினும் சிறியது. மூட்டு உட்பக்கமாகத் திறந்துகொள்ளாமல் காப்பது அதன் பணி. நீங்களும் நானும் எழுதுவதற்கும் சோறு பிசைவதற்கும் அதன் தயவு அதிகம் வேண்டியதில்லை. எறிவாளரின் கதை வேறு. அவர் காலை முன்வைத்து இடுப்பைத் திருப்புகிறார். உடல் முன்னே செல்கிறது, தோள் அதைத் தொடர்கிறது. முன்கையும் பந்தும் பின்னாலேயே தங்கிவிடுகின்றன. மேற்கை தன் அச்சில் பின்புறமாகச் சுழன்று, முன்கை ஏறக்குறையத் தரைக்கு இணையாகச் சாய்ந்து கிடக்கும் ஒரு கணம் வருகிறது. அடுத்த கணம், சாட்டையின் நுனி சொடுக்குவதுபோல, மேற்கை முன்னோக்கிச் சுழல்கிறது. அச்சுழற்சியின் வேகம் நொடிக்கு 7,000 பாகை அளவை எட்டுகிறது. நொடிக்கு ஏறக்குறைய இருபது முழுச் சுற்று! மனித உடல் செய்யும் அசைவுகளில் இதைவிட விரைவானதைக் காண்பது அரிது.

கை பின்னால் சாய்ந்து திரும்பும் அந்தக் கணத்தில்தான் முழங்கையின் உட்புறம் பிளக்கப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் திருப்பு விசையை அளந்திருக்கிறார்கள்: சுமார் 64 நியூட்டன் மீட்டர். இந்த எண் வெறும் எண்ணாக நின்றுவிட வேண்டாம். முழங்கையிலிருந்து 30 செ.மீ. தள்ளி, உள்ளங்கையில் ஏறத்தாழ 22 கிலோ எடையைக் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்கு ஒப்பாகும் அது. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். இப்படி ஓர் ஆட்டத்தில் தொண்ணூறு முறை. ஐந்து நாளுக்கொருமுறை ஆட்டம்.

இறந்தோரின் முழங்கைகளைக் கருவியிற் பொருத்தி, அந்த இணைப்பு நார் மட்டும் எவ்வளவு தாங்கும் என்றும் சோதித்தார்கள். சுமார் 32 நியூட்டன் மீட்டரில் அது அறுந்தது. தேவை 64, தாங்குவது 32! அங்ஙனமாயின் ஒவ்வொரு எறிவிலும் அது அறுந்து போகவேண்டும் அன்றோ? போகவில்லை. ஏனெனில் சுமை முழுவதையும் நார் தாங்குவதில்லை. முன்கையின் உட்புறத் தசைகள் இறுகி ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. எலும்புகளின் பொருத்தமும் துணை நிற்கிறது. இளம் ஆட்டக்காரரின் நார் சோதனைச்சாலை நாரைவிட வலியதாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு: பாலத்தின் மீது அது தாங்கும் அளவுக்கு வெகு அருகிலேயே எப்போதும் வண்டி ஓடுகிறது. தசை களைத்தால், அது ஏற்றுவந்த பங்கு நாரின் தலையில் விழுகிறது.

இங்கே இன்னொரு செய்தியையும் மனத்திற் கொள்ள வேண்டும். தசையும் நாரும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவன அல்ல. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. சில மாதப் பயிற்சியிலேயே அது பெருக்கும். நாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகவே மாறும், மெதுவாகவே ஆறும். பயிற்சிக் கூடத்தில் இயந்திரத்துக்குக் குதிரைத்திறனைக் கூட்டிவிடலாம். அச்சாணி பழைய அச்சாணிதான்.

கிரிக்கெட்டில் இந்த முழங்கைத் தொல்லை பெரிதாக இல்லாததற்கு விதியே காரணம். பந்து வீசும்போது முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக்கூடாது என்பது சட்டம். ஆகவே முழங்கையைச் சாட்டையாகச் சொடுக்க முடியாது. வேகத்தை ஓட்டத்திலிருந்தும் முதுகின் வளைவு திருப்பத்திலிருந்தும் பெறவேண்டியிருக்கிறது. கடன் முழங்கையிலிருந்து முதுகெலும்புக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவே. பும்ராவுக்கு 2019-இல் கீழ் முதுகில் எலும்பு விரிசல் கண்டதும், 2023-இல் முதுகில் அறுவை நடந்ததும், 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் நடுவே முதுகு மறுபடி வலித்ததும் இதன் விளைவே. பட்ட இடம் வேறு. படும் முறை ஒன்று.

முழங்கை நார் அறுந்தால் முன்காலத்தில் ஆட்டம் முடிந்தது என்றே பொருள். “கை செத்துவிட்டது” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். முதியவர்களின் வாதத்துக்கு இதுவே விடை. 300 இன்னிங்ஸ் எறிந்து நிலைத்தவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. கை செத்து ஊர் திரும்பியவர்களின் பெயர் ஏட்டில் இல்லை. தப்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் போர்க்களம் பாதுகாப்பானது என்று முடிவு கட்டுவதுபோன்ற கணக்கு இது. நிலைத்தவரிலும் ஒருவரைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கழகத்தின் சாண்டி கோஃபாக்ஸ் 1966-இல் 323 இன்னிங்ஸ் எறிந்து 27 வெற்றி பெற்றார். அவ்வாண்டு நவம்பரில், முப்பதாம் வயதில், ஆட்டத்தை விட்டு விலகினார். முழங்கை மூட்டழற்சிதான் காரணம். உச்சியில் நிற்கும்போதே ஒருவர் இறங்கி நடந்த காட்சி அது.

1974-இல் அதே கழகத்தின் டாமி ஜான் என்பவருக்கு இடது முழங்கை நார் அறுந்தது. பிராங்க் ஜோப் என்ற மருத்துவர், அதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்தார். வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்து, அறுந்த நாருக்குப் பதிலாக நிறுத்தினார். அந்த நாணை நீங்களே காணலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியிற் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உட்புறம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒன்று புடைத்து நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருப்பதில்லை. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவ்வளவு வேண்டாத பொருள், இடம் மாறியதும் விலைமதிப்பற்றதாகிறது. டாமி ஜான் 1976-இல் களத்துக்குத் திரும்பினார். அறுவைக்கு முன் அவர் பெற்ற வெற்றிகள் 124. பின் பெற்றவை 164. இன்று அந்த அறுவையே அவர் பெயரால் வழங்குகிறது.

டிகிராமுக்கு 2010-இல் நடந்ததும் இதுவே. வைத்த நாண் ஓரிரு மாதத்தில் நாராகிவிடாது. உடல் அதனுள் புதுச் செல்களை அனுப்பி, இழைகளை மாற்றி அடுக்கி, நாரின் தன்மைக்குக் கொண்டுவர ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். அப்படி அமைந்த நார் 2023 வரை உழைத்தது. ‘கண்ணாடி உடம்பு’ என்போர் இதைச் சற்று நினைக்கவேண்டும். ஒட்டுப்போட்ட முழங்கையோடு பன்னிரண்டரை ஆண்டு எறிந்து, இரண்டு முறை தலைசிறந்த எறிவாளர் என்ற பட்டமும் பெற்றவரின் உடம்பு கண்ணாடியாக இருக்க முடியுமா? என் கருத்தில் இது வசவே தவிர விளக்கம் அன்று. உடைந்ததைக் கண்டுவிட்டு, உடையக்கூடியது என்று பெயர் வைப்பதால் புதிதாக நாம் அறிவது எதுவும் இல்லை.

பின் ஏன் மறுபடி மறுபடி? முன்பு காயம்பட்டவருக்கு மீண்டும் காயம்படும் வாய்ப்பு மிகுதி என்பது உண்மைதான். பழமொழி பொய் சொல்லவில்லை. சீர்செய்த இடம் பழைய இடம் ஆகாது என்பது ஒரு காரணம். வலிக்கும் இடத்தைக் காக்க எறியும் முறையைச் சற்று மாற்றும்போது, சுமை வேறோர் இடத்தைத் தாக்குகிறது என்பது மற்றொன்று. ஆனால் இவற்றினும் பெரியது, முதற் காயத்தை உண்டாக்கிய காரணம் இன்னும் அங்கேயே இருப்பது. டிகிராம் விஷயத்தில் அக்காரணத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதுதான் வேகம்.

2014-இல் அவருடைய விரைவுப் பந்தின் சராசரி வேகம் மணிக்கு 94 மைல் அளவில் இருந்தது. வயது ஏற ஏற வேகம் இறங்குவதே இயற்கை. இவருக்கோ ஏறிற்று. 2018-இல் 96. 2021-இல், 33-ஆம் வயதில், 99-ஐத் தாண்டியது. அதாவது மணிக்கு 159 கிலோமீட்டர். 94-க்கும் 99-க்கும் இடையே ஐந்து மைல்தானே என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் வருக்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியிற் படித்ததை இங்கே போட்டுப் பாருங்கள். 94 மைல் வேகத்தில் பந்து பெறும் ஆற்றல் சுமார் 128 ஜூல். 99-இல் 142 ஜூல். வேகம் நூற்றுக்கு ஐந்து கூடினால் ஆற்றல் நூற்றுக்குப் பதினொன்று கூடுகிறது. அவ்வளவும் அதே கையின் வழியாகவே செல்லவேண்டும். இருவேறு எறிவாளர்களை ஒப்பிட்டால், வேகமாக எறிபவர் முழங்கையில்தான் சுமை அதிகம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உயரமும் எறியும் முறையும் வேறுபடும். ஆனால் ஒரே மனிதர் தம் வேகத்தைக் கூட்டும்போது, அவர் முழங்கையிலும் சுமை கூடவே செய்கிறது.

இது அவர் ஒருவரின் ஆசை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. ஆட்டமே அத்திசையில் ஓடுகிறது. பெரிய கூட்டணிகளில் விரைவுப் பந்தின் சராசரி 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2. எறிவாளர்கள் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்ட தடவைகள் 2005-இல் 212, 2024-இல் 485. இவ்வெண்களைத் தொகுத்து 2024 டிசம்பரில் வெளியிட்டவர்கள் கூட்டணியின் அதிகாரிகளே. வேகமாக எறியும் இளைஞனுக்கே கழகம் வாயில் திறக்கிறது, ஊதியம் உயர்த்துகிறது. ரசிகனும் ஒளிப்பலகையில் 100 என்ற எண் மின்னும்போதுதான் எழுந்து நின்று கைதட்டுகிறான். அதே ரசிகன் மறுமாதம், “இவர் ஏன் இப்படி உடைந்து போகிறார்?” என்று கேட்கிறான். கைதட்டியதற்கும் கேட்டதற்கும் பொருள் ஒன்றே என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

அப்படியானால் வேகத்தைக் குறைப்பதுதானே விவேகம்? பரிவுள்ள ரசிகர்களின் இக்கேள்வி எளிதாகத் தோன்றினும் எளிதன்று. 2023 அறுவைக்குப் பின் பதினைந்து மாதம் கழித்து, 2024 செப்டம்பரில் டிகிராம் திரும்பி வந்தார். இரண்டாம் முறை இந்த அறுவை செய்துகொண்டவர்கள் முதல் முறை செய்துகொண்டவர்களைப்போல் அவ்வளவு நன்றாகத் தேறுவதில்லை என்பது பொதுவான அனுபவம். ஆயினும் 2025-இல் அவர் 30 ஆட்டங்களில் எறிந்தார். அவருடைய சராசரி வேகம் 2021-ஐவிடச் சற்றுக் குறைவு. 97, 98 மைல் அளவு. மீண்டு வந்த சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளையும் தராசில் வைப்போம். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஓர் எறிவாளர் சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுத்தார் என்பதே அங்கு அளவுகோல், குறைந்தால் நன்று. 2021-இல் டிகிராமின் எண் 1.08, ஆனால் 92 இன்னிங்ஸ் மட்டுமே. 2025-இல் 2.97, ஏறக்குறைய 173 இன்னிங்ஸ். அவர் இடத்தில் நிற்கும் சாதாரண எறிவாளர் 4.50 ஓட்டம் கொடுப்பார் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 2021-இல் டிகிராம் மிச்சப்படுத்தியது 35 ஓட்டம், 2025-இல் 29. பாதி ஆண்டு எறிந்து படுத்துவிட்டவரே, முழு ஆண்டு எறிந்தவரைவிட அதிகம் ஈட்டியிருக்கிறார்! இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாயிருந்தது.

கழகம் ஏன் அந்த வேகத்தைக் குறைக்கச் சொல்ல மனம் கொள்வதில்லை என்பது இப்போது விளங்கும். ஆனால் கணக்கை இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 2018-ஐயும் அதே தராசில் வையுங்கள். 217 இன்னிங்ஸ், 1.70. மிச்சம் 67 ஓட்டம், மற்ற இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் வருவதைவிட மூன்று அதிகம். வேகம் 96 மைல். அப்போது அவருக்கு முப்பது வயது என்பது உண்மையே. வயதையும் வேகத்தையும் இந்த ஒரு கணக்கைக்கொண்டு பிரித்துவிட முடியாது. இருப்பினும் அந்தக் கூடுதல் மூன்று மைலால் அவருக்கு எவ்வளவு இலாபம், எவ்வளவு நட்டம் என்று ரசிகர்கள் வாதிடுவதாயின், ‘கண்ணாடி’ என்ற சொல்லைவிட இது நல்ல தொடக்கம்.

ஓட்டக் கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. பேஸ்பாலில் பட்டம் தீர்மானமாவது அக்டோபரில். 2021-இல் ஜூலை முடிய மெட்ஸ் கழகம் தன் பிரிவில் முன்னே நின்றது. டிகிராம் இல்லாத ஆகஸ்டில் சரியத் தொடங்கி, 77 வெற்றி, 85 தோல்வியோடு மூன்றாம் இடத்தில் முடிந்தது. அதற்கு அவர் முழங்கை மட்டுமே காரணம் என்பது மிகை. 2025-இல் அவர் செப்டம்பர் வரை நின்றார். ரேஞ்சர்ஸ் கழகமோ 81 வெற்றி, 81 தோல்வி என்று நடுவில் நின்று, இறுதிச் சுற்றுக்குள் நுழையவில்லை. கை நின்றது, கழகம் நிற்கவில்லை.

ஒப்பந்தம் 2027 வரை இருக்கிறது. அவ்வாண்டு டிகிராமுக்கு 39 வயது நிறையும். டாமி ஜான் அந்த வயதுக்குப் பிறகும் ஏழு ஆண்டு எறிந்து, 1989-இல் 46-ஆம் வயதில்தான் ஓய்ந்தார். ஆனால் அவர் எறிந்தவை மெதுவான பந்துகள்; வேகத்தால் அன்று, தாழ்ந்து விழும் வளைவால் மட்டைக்காரரை ஏமாற்றியவர் அவர்.